மஞ்சள் போர்டுக்கு முன்னால்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் டீமின் கதையை எழுத என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடைக்க மாட்டான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பதற்காகச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ராலி காரின் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஆனால் போட்டி நடக்கும்போது அந்தக் கார் ஓடிய ஒரு சாலையையும் நான் பார்த்ததில்லை. மடியில் இருக்கும் குறிப்பைப் படிப்பதுதான் என் வேலை. அடுத்த வளைவு இடதா வலதா, அதன் இறுக்கத்துக்கு என்ன எண், அதைத் தாண்டி மேடா பள்ளமா என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தலையைத் தூக்கினால் வரி தவறிவிடும். முந்தின நாட்களில் மெதுவாக ஓட்டிக் குறிப்பு எடுக்கும்போது பார்த்ததோடு சரி. மலை, காடு, மணல் என்று எங்கெங்கோ போய் வந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் என் முழங்கால்தான்.

டீமுக்கு வெள்ளி விழா வருகிறது, ஒரு மலர் போடப் போகிறோம், முதல் நாளிலிருந்து இருப்பவர் நீங்கள்தான், நீங்களே எழுதிவிடுங்கள் என்று எங்கள் ஆபீஸில் வேலை செய்யும் பெண் கேட்டுக்கொண்டாள். மறுத்துச் சொல்ல வாய் வராமல் தலையாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் பாதி இப்படித் தலையாட்டியதுதான். எழுத உட்கார்ந்தால் கோப்பைகள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. என் அக்காதான் வருகிறாள், கையில் ஆரத்தித் தட்டோடு. அதனால் இது மலருக்கு ஆகாது என்று எழுதும்போதே தெரிகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் மாமாவுக்கு ஒரு ஷெட் இருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். விசைப்படகுகளின் இன்ஜினை இறக்கிப் பிரித்துச் சரிசெய்து ஏற்றிக் கொடுப்பார். நான் அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குப் பின்னால் நிற்கும் வேலை, யாரிடமும் அதிகம் பேச வேண்டாம், எனக்குப் பொருத்தமாக இருந்தது. படகுக்காரர் ஒருவர் ஓடாத கார் ஒன்றை ஷெட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வரவேயில்லை. மாமா அதை ஓடவைத்தார். ஓடவைத்ததும் வேகமாக ஓடவைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கொண்டுபோய்ச் சுற்றுவார். பக்கத்து சீட்டில் ஆள் வேண்டும் என்று என்னை உட்காரவைத்தார். எங்கள் டீம் தொடங்கியது அப்படித்தான்.

முதல் ராலியிலேயே மானம் போனது. ராலியில் எல்லா இடத்திலும் வேகமாகப் போகக் கூடாது. போட்டி நடக்கும் காட்டுப் பாதை ஓரிடத்தில் இருக்கும், அடுத்தது வேறிடத்தில் இருக்கும். நடுவே ஊர்ச் சாலையில் மற்ற வண்டிகளைப் போலவே சிக்னலில் நின்று, மாட்டுக்கு வழிவிட்டுப் போக வேண்டும். ஆனால் அந்தந்த இடத்தில் நேரம் குறிக்கும் டைம் கண்ட்ரோலுக்கு, நமக்குக் கொடுத்த நிமிடத்தில் சரியாகப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அபராதம். அது எங்களுக்குத் தெரியும். சீக்கிரம் போனாலும் அபராதம் என்பது தெரியாது. கண்ட்ரோலுக்குச் சற்று முன்னால் ஒரு மஞ்சள் போர்டு வைத்திருப்பார்கள். நம் நிமிடம் வரும்வரை அதற்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். நாங்கள் பெருமையாக எல்லோருக்கும் முன்னால் போய் நின்றோம். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் வந்தா தப்பாங்க?” என்று மாமா கேட்டார். “லேட்டா வந்தா அடிங்க, வாங்கிக்கிறேன். எங்க ஊர்ல டைமுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தா மால போடுவோம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நேரம் பார்ப்பது என் பொறுப்பு என்பதால் சிரிப்பு என் பக்கம் திரும்பியது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி நேர விஷயத்தில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று. அந்தப் பிடிவாதம்தான் பிறகு என்னைக் கெடுத்தது.

அதன்பின் டீம் வளர்ந்தது. ஆயில் கம்பெனி ஒன்று ஆதரவு கொடுத்தது. இரண்டு கார் ஆனது, லாரி ஆனது, மெக்கானிக்குகள் ஆறேழு பேர் ஆனார்கள். சர்க்யூட் பந்தயத்திலும் இறங்கினோம். அது ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. ஓட்டுகிறவர் மட்டும் போதும், பக்கத்து சீட்டே கிடையாது. அதற்குச் சின்ன வயது டிரைவர்களைச் சம்பளத்துக்கு வைத்தோம். முதல் சர்க்யூட் பந்தயத்தன்று எங்கள் மெக்கானிக்குகள் திருஷ்டி கழிக்கிறோம் என்று காரைச் சுற்றி, பூசணிக்காயைக் கார்கள் நின்று புறப்படும் பிட் பாதையிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். வழுக்கினால் கார் சுவரில் போய் இடிக்கும் என்று அதிகாரிகள் ஓடிவந்தார்கள். பெரிய பெரிய டீமெல்லாம் வேடிக்கை பார்க்க, எங்கள் ஆட்கள் குனிந்து பூசணி விதை பொறுக்கினார்கள். இன்றும் சில பேர் எங்களைப் பூசணிக்காய் டீம் என்றுதான் சொல்கிறார்கள்.

திருஷ்டி கழிப்பது எங்கள் ஷெட்டில் முதலிலிருந்தே இருந்த வழக்கம். போட்டிக்குப் புறப்படும் நாளில் காரை வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி எடுப்பார்கள். ஆரம்பத்தில் அக்காதான் எடுத்தாள். மாமாவுக்குச் சுற்றிவிட்டு என் பக்கம் வந்து எனக்கும் தனியாகச் சுற்றுவாள். நெற்றியில் பொட்டு வைக்கும்போது, “பாத்துப் படிடா” என்பாள், பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி.

மேற்கே மலைப் பக்கம் நடந்த ஒரு ராலியில் மழை பிடித்துக்கொண்டது. சிறு பாலத்தில் கார் வழுக்கி உருண்டு ஓடையில் தலைகீழாகக் கிடந்தது. மாமாவுக்கு இடுப்பு, எனக்குத் தோள் எலும்பு. இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில் எதிரெதிர்க் கட்டிலில் போட்டிருந்தார்கள். அக்கா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். வார்டுக்குள் நுழைந்தவள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றுவிட்டாள். முதலில் யார் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கடைசியில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மாமா புதுக் கார் பற்றிப் பேச்செடுத்தார். அக்கா கோபப்படவில்லை.

“போங்க. நான் தடுக்கல. ஆனா எனக்கு இருக்கிறது ஒரு புருசன், ஒரு தம்பி. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போறீங்க. நான் தட்டு எடுத்து வழியனுப்பினா, நானே சம்மதிச்சு அனுப்பின மாரி ஆயிடும். அது என்னால முடியாது.”

அன்றிலிருந்து நாங்கள் புறப்படும் நாளில் அக்கா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வாசலில் எங்கள் பெரிய மெக்கானிக்கின் மனைவி ஆரத்தி எடுப்பார். ஒவ்வொரு முறையும் நான் ஏதோ மறந்துவிட்டவன் போல வீட்டுக்குள் போய், “அக்கா, வரியா?” என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். மிக்ஸி ஓடும் சத்தம்தான் பதில். டீமுக்கு எல்லாம் கிடைத்தது. பேர், கோப்பை, பேப்பரில் படம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அக்கா ஒரு தடவை வாசலுக்கு வர வேண்டும்.

என் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குச் சத்தமாகப் பேச வராது. டீக்கடையில் என் டீயை மறந்துவிட்டால் திரும்பக் கேட்காமல் எழுந்து வந்துவிடுவேன். ஆனால் ஹெல்மெட்டை மாட்டி, வாய்க்கு முன்னால் மைக் வந்து நின்றதும் வேறு ஒருவன் பேசுவான். கார் பறக்கும்போது மரியாதைக்கு நேரமில்லை. “இடது மூணு, இறுகும். உள்ள வெட்டாத. பிரேக், பிரேக். இப்ப அழுத்து.” மாமா என்ற சொல்லே வராது. அவருடைய கால், யோசிக்காமல் என் குரலுக்குக் கட்டுப்படும். கீழே இறங்கினால் அவர் முன்னால் எனக்கு உட்காரவும் கூச்சம்.

போன வருடம் மாமா ஷெட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த சீசனோடு ராலி போதும் என்றார். வயதாகிவிட்டது, இனிமேல் சர்க்யூட் மட்டும், அதையும் பையன்கள் ஓட்டட்டும், ராலி காரை விற்றுவிடலாம் என்றார். சீசனின் கடைசி ராலி எங்கள் பக்கத்திலேயே நடந்தது. முந்திரித் தோப்புகளில் போட்டிப் பாதை; அங்கிருந்து கடலூர் வந்து, முதுநகர் வழியாகப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போய், சிதம்பரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் கடைசி டைம் கண்ட்ரோல். ஓட்ட வேண்டியதெல்லாம் தோப்பிலேயே முடிந்துவிட்டது. எங்கள் பிரிவில் சில நொடி வித்தியாசத்தில் முதலிடத்தில் இருந்தோம். இனி சிதம்பரத்தில் சரியான நிமிடத்தில் போய் நின்றால் கோப்பை எங்களுக்கு. ஒரு நிமிடம் பிசகினாலும் பின்னால் வருபவருக்குப் போய்விடும்.

எனக்கு ஒரே கவலை, வழியில் இருக்கும் ரயில்வே கேட். கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி போகும்வரை நிற்க வேண்டும். அதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முதுநகருக்குள் நுழைந்ததும் பார்த்தால், ரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மாமாவின் படம் பெரிதாக. பக்கத்தில் என் படம். எங்கேயோ எடுத்த பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னால் ஒரு சிங்கத்தையும் வைத்திருந்தார்கள். குறுகிப் போனேன். மேளம், சரவெடி. கார் நடை வேகத்துக்கு வந்துவிட்டது. கட்சிக்காரர் ஒருவர் சால்வையோடு குறுக்கே வந்தார். போட்டோ எடுக்கிறவர் அவசரமில்லாமல் இடம் பார்த்து நின்றார். நேரமாகிறது என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சால்வையை வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி மீன் ஏலக் கடைக்காரர்கள் இன்னொரு சால்வை. அதற்கும் தலையை நீட்டினேன். அதற்குப் பிறகு சோடா. “குடிங்க தலைவரே, ஒரு வாய்” என்றார்கள். அதையும் குடித்தேன். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தேன். கேட்டுக்கு ஒதுக்கிய நேரம் கரைந்துகொண்டே வந்தது. முதல் ராலியில் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது.

கடைசியாகக் கூட்டம் விலகி, வழி தெரிந்தது. எங்கள் தெரு முனை. அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

நல்ல பட்டுப் புடவை கட்டியிருந்தாள். கையில் தட்டு, நடுவில் கற்பூரம். பக்கத்தில் யாருமில்லை. தனியாகவே கரைத்து, தனியாகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கார் வருவதைப் பார்த்ததும் ரோட்டில் இரண்டடி இறங்கி நின்றாள். மாமா பிரேக்கில் கால் வைத்தது எனக்குத் தெரிந்தது. கார் நின்றது. அக்கா முதலில் என் பக்கம்தான் வந்தாள்.

எத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டு நின்ற விஷயம் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறது. என் கண் கடிகாரத்தில் இருந்தது. ஹெல்மெட் தலையில், மைக் வாயில்.

“தள்ளு! வழிய மறிக்காத.”

அது அக்காவுக்கு. அதே மூச்சில் மாமாவுக்கும் சொன்னேன்.

“நேரா. போ. அழுத்து.”

மாமாவின் கால் அழுத்திவிட்டது. அவர் அழுத்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருடப் பழக்கம் அழுத்தியது. கார் நகர்ந்ததில் பக்கவாட்டுக் கண்ணாடி தட்டில் பட்டது. ஆரத்தித் தண்ணீர் முழுக்க என் பக்கத்துக் கதவில் கொட்டியது. அக்கா பின்னால் நகர்ந்துகொண்டாள், அவளுக்கு எதுவும் ஆகவில்லை. தட்டு ரோட்டில் விழுந்து உருளும் சத்தம் ஹெல்மெட்டையும் தாண்டிக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலை குனிந்து அடுத்த வரியைப் படித்தேன். ஊர்ச் சாலையில் படிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் படித்தேன்.

ரயில்வே கேட் திறந்திருந்தது.

சிதம்பரம் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் நிமிடத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சீக்கிரம் போனால் அபராதம். மஞ்சள் போர்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, இன்ஜின் ஓட, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மாமாவின் குரல் காதுக்குள் வந்தது.

“எவ்ளோ இருக்குது மச்சான்?”

“நாலு நிமிசம் மாமா.”

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“ஆரத்தி எடுக்க எவ்ளோ ஆவும்?”

கடிகாரத்தில் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சால்வைக்காரர்களுக்குக் கொடுத்தது போக, சோடாவுக்குக் கொடுத்தது போக, அவளுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த நேரம் அது. செலவு செய்ய வேறு இடம் இல்லாமல் அங்கே உட்கார்ந்து தீர்த்தோம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாலு நிமிடத்தை நான் கண்டதில்லை. நிமிடம் வந்ததும், “போலாம் மாமா” என்றேன். சரியாகப் போய் நின்றோம். அதிகாரி கையைக் குலுக்கி, மிகச் சரியான நேரம் என்றார்.

கோப்பை கொடுத்தார்கள். மேடையில் ஏறி நின்றேன். மைக்கை என் பக்கம் நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாய் வரவில்லை. எங்கள் பையன்கள், “அண்ணன் வண்டிக்குள்ளதான் பேசுவாரு, வெளிய மௌன விரதம்” என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். அக்கா புடவை மாற்றியிருந்தாள். எங்களுக்குச் சோறு எடுத்து வைத்தாள், இறால் தொக்கு செய்திருந்தாள். மாமா கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார். எங்களைத் தனியாக விட வேண்டும் என்றுதான் போனார் என்று நினைக்கிறேன். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“டைமுக்குப் போயிட்டீங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“ம்.”

“ரயில்வே கேட்டு?”

“தொறந்துதான் இருந்துச்சு.”

அக்கா தொக்கை என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். ஜாஸ்தி என்று கையால் மறித்தேன். கேட்கவில்லை, வைத்தாள்.

“இப்பிடித்தான் உள்ள உக்காந்து அவரப் பேசுவியா?”

“ஆமாக்கா. அங்க அப்பிடித்தான்.”

“நீ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லடா. நீ கொழந்தையா இருக்கறப்பகூட அழ மாட்ட. யாரோ வேற ஆளு உள்ள உக்காந்திருக்குறான்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன்.” மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். “நீயின்னு தெரிஞ்சதும்தான் தட்டு கைய உட்டுப் போச்சு.”

கண்ணாடி இடித்துத்தான் தட்டு விழுந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது. மன்னிச்சிடுக்கா என்று சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. “வண்டிய லாரில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆரத்தி எடுத்துடேன்” என்று மட்டும் கேட்டேன். அக்கா தொக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மஞ்சள் வாசனை அவள் கையில் இன்னும் இருந்தது.

இதையெல்லாம் டீமின் வரலாறு என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த வருடம் எந்த ராலி, எத்தனையாவது இடம் என்பதெல்லாம் ஆபீஸ் பெண்ணிடம் இருக்கிறது, அதை அவள் போட்டுக்கொள்ளட்டும். ராலி ஓட்டிய காலம் முழுக்க நாங்கள் சீக்கிரமாகவும் போகாமல் தாமதமாகவும் போகாமல் சரியாகப் போய் நிற்கக் கற்றுக்கொண்டோம். மற்றவர்கள் அதைப் பெருமையாக எழுதலாம். என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் ஷெட் வாசலில் காரைக் கழுவினோம். இடது கதவில் ஸ்டிக்கருக்கு அடியில் இறங்கிய சிவப்பு மட்டும் போகவில்லை. பத்து மணிக்கு, காரை வாங்கியவரின் லாரி வந்தது. காரை ஏற்றி அனுப்பினோம். லாரி புறப்படும் முன் பெரிய மெக்கானிக்கின் மனைவி வந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கா வரவில்லை.